அவசரம் தைத்த தலையணை

“அவன் என் தம்பியே இல்லைன்னு சொல்லிடலாம்போல இருக்கு.”

மஞ்சள் புள்ளி போட்ட தலையணைக்குள்ளிருந்து ஒரு குரல் இப்படிச் சொன்னது.

தலையணையில் காதை வைத்திருந்த சிறுமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால், அது அவளுடைய குரல்.

“அவன்கூட ஒரே கேட் வழியா ஸ்கூலுக்குள்ள போகவே வெட்கமா இருக்கு...” என்று குரல் தொடர்ந்தது.

அவள் சட்டென்று தலையைத் தூக்கினாள். குரல் நின்றுவிட்டது. திருதிருவென்று சுற்றிலும் பார்த்தாள். நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை. ஆனாலும் காது இரண்டும் சூடாகிவிட்டன.

அந்தச் சிறுமிக்கு வீட்டில் ‘அவசரம்’ என்று பட்டப்பெயர். யாராவது கேள்வி கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். சினிமாவில் கடைசிக் காட்சி வருவதற்குள் குனிந்து செருப்பைத் தேடுவாள். அம்மா “அவசரம்!” என்று கூப்பிட்டால், ‘ம்’ வருவதற்குள் “என்னம்மா?” என்று வந்து நிற்பாள்.

இப்போது அவள் நின்றுகொண்டிருந்தது ஒரு கலைக்கூடத்தில். வெள்ளைச் சுவர்கள், உயரமான கூரை, நடந்தால் டக் டக்கென்று சத்தம் போடும் தரை. முதல் அறையில், ஊரைவிட்டு ஊர் போனவர்களின் பழைய செருப்புகளைச் சுவர் முழுக்க மாட்டியிருந்தார்கள். அடுத்த அறையில் ஒரு சாப்பாட்டு மேசை. ஐந்து நாற்காலிகள் போட்டு, ஒன்றை மட்டும் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். ஏன் என்று எழுதியிருக்கவில்லை. பார்த்தவர்கள் அவரவர் வீட்டை நினைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள்.

மூன்றாவது அறை சித்தியுடையது. அம்மாவின் தங்கைதான் சித்தி. அவர் ஓர் ஓவியர். ஆனால் இந்த முறை தூரிகையைத் தொடவே இல்லை. அறை முழுக்க நீளமான பலகைகள் போட்டு, அவற்றின்மேல் தலையணைகளை வரிசையாக வைத்திருந்தார். பூப்போட்டது, கோடு போட்டது, ஓரம் கிழிந்தது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டிலிருந்து வந்தது. வாசலில் ‘தலையணைக்கு மட்டும்’ என்று ஒரு பலகை.

தலையணை எப்படிப் பேசும்? அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

ஒவ்வொரு தலையணையின் பஞ்சுக்குள்ளும் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதில் மூன்று பொத்தான்கள். ‘பேசு’ என்ற பொத்தானை அழுத்திப் பேசினால், பெட்டி அதை முன்பு பேசியதற்கு அடுத்ததாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ‘கேள்’ என்பதை அழுத்தினால் திரும்பச் சொல்லும். ‘அழி’ என்பதை அழுத்தினால் வரிசையில் முதலில் இருக்கும் பேச்சை மட்டும் மறந்துவிடும்.

பெட்டியிலிருந்து ஒரு கம்பி, இரண்டு மெல்லிய தகடுகளுக்குப் போகும். தகடுகளுக்கு நடுவில் ஓட்டை போட்ட பஞ்சுத் துண்டு. யாராவது தலையை வைத்தால் பஞ்சு நசுங்கும், தகடுகள் ஒன்றையொன்று தொடும், பெட்டி பேசத் தொடங்கும். தலையைத் தூக்கினால் பேச்சு நின்றுவிடும். மறுபடி தலையை வைத்தால் முதலிலிருந்து தொடங்கும். சத்தம் மிக மெல்லியது. காதை வைத்தவருக்கு மட்டும்தான் கேட்கும்.

சித்தி தெரிந்தவர்களிடமெல்லாம் ஆளுக்கொரு பெட்டி கொடுத்து, “யாருகிட்டயும் சொல்லாத ஒண்ணை இதுகிட்ட சொல்லுங்க” என்று கேட்டிருந்தார். அதோடு ஒரு வாக்கும் கொடுத்திருந்தார். “நீங்க பேசினதை நான் கேட்கவே மாட்டேன். பெட்டியை நீங்களே தலையணைக்குள்ள வச்சு, நீங்களே தைச்சுக் கொடுங்க. பேரும் போட மாட்டேன்.”

அந்த வாக்கை நம்பித்தான் எல்லோரும் பேசினார்கள். கோடு போட்ட தலையணை ஓர் ஆணின் குரலில் சொன்னது: “என் மனைவி வைக்கிற சூப் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ரெண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிக் குடிக்கிறேன்.” பூப்போட்டது ஒரு குழந்தையின் குரலில் சொன்னது: “நான் பல் தேய்க்கிறதில்ல. பிரஷ்ஷை நனைச்சு வச்சிடுவேன்.”

மஞ்சள் புள்ளித் தலையணை அவசரத்தினுடையது. அது கணக்கு டீச்சரைப் பற்றி ஒரு வேடிக்கையான ரகசியத்தைச் சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாகத்தான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

‘அதைத்தான் அன்னைக்கே அழிச்சுட்டேனே!’ என்று அவசரம் திகைத்தாள்.

நடந்தது இதுதான்.

அவளுடைய தம்பிக்கு ‘நட்டு’ என்று பட்டப்பெயர். கடிகாரம், குடை, கதவுத் தாழ்ப்பாள் என்று கையில் எது கிடைத்தாலும் கழற்றிப் பார்ப்பான். திரும்ப மாட்டும்போது ஒரு நட்டு மிச்சமாகிவிடும். எது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் மணிக்கணக்கில் சொல்வான். ஆனால் சொல்லும்போது சில எழுத்துகள் அவன் வாயில் மாட்டிக்கொள்ளும். வழியில் நின்றுபோன வண்டியைப்போல, தள்ளித் தள்ளித்தான் அந்தச் சொல் வெளியே வரும்.

அதுவரை காத்திருக்க அவசரத்தால் முடியாது. அவளே சொல்லை முடித்துவிடுவாள். ஒரு நாள் அவன், “அக்கா, பா... பா...” என்றான். “பாலா? இந்தா!” என்று டம்ளரை நீட்டினாள். அவனும் மறுக்காமல் முழுவதையும் குடித்துவிட்டுப் பாத்ரூமுக்கு ஓடினான். அவன் சொல்ல வந்ததே அதுதான்.

சில மாதங்களுக்கு முன் பள்ளியில், எல்லா வகுப்பும் கூடியிருந்தபோது, ஓர் அறிவிப்பைப் படிக்க நட்டுவை மேடைக்கு அழைத்தார்கள். முதல் சொல்லிலேயே மாட்டிக்கொண்டான். யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. அவசரத்தின் பின்னால் நின்ற ஒருத்தி, “உன் தம்பி முடிக்கிறதுக்குள்ள லீவு விட்டுடுவாங்கடி” என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்த அவசரம், கோபத்தில் கறுப்புப் பெட்டியை எடுத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கொட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். தண்ணீர் உள்ளே போனதும் கோபம் இறங்கிவிட்டது. ‘சீ, என்ன பேச்சு இது’ என்று தோன்றியது. ‘அழி’ பொத்தானைத் தட்டினாள். அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து, கணக்கு டீச்சரைப் பற்றிப் பேசி, பெட்டியைத் தலையணைக்குள் திணித்துத் தைத்துக் கொடுத்துவிட்டாள்.

ஆனால் ‘அழி’ பொத்தானுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அழுத்தியதும் பச்சை விளக்கு எரியும். அது அணையும்வரை விரலை எடுக்கக் கூடாது. கை தெரியாமல் பட்டு எதுவும் அழிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்திருந்தார்கள். சித்தி அன்றே, “பச்சை விளக்கு...” என்று சொல்லத் தொடங்கினார். “தெரியும் சித்தி, தெரியும்!” என்று அவசரம் ஓடிவிட்டாள்.

இப்போதுதான் தெரிந்தது, தெரியாதென்று.

“சித்தி!” என்று கத்தலாமா? சித்தி வாசலில் யாரோ பெரியவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார்.

அவசரத்துக்கு இன்னொன்று நினைவு வந்தது.

இன்று அவர்களுடைய பள்ளியிலிருந்து மாணவர்கள் இங்கே வருகிறார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்வதற்காகத்தான் அவள் முன்கூட்டியே சித்தியோடு வந்திருந்தாள். வருகிறவர்களில் நட்டுவும் ஒருவன். அவன் வந்ததும் வேறு எந்தத் தலையணையையும் பார்க்க மாட்டான். மஞ்சள் புள்ளி அவர்கள் வீட்டுத் தலையணை. நேராக அதில்தான் காதை வைப்பான்.

அதற்குள் ஒரு பெரிய மனிதர் மஞ்சள் புள்ளித் தலையணையை நோக்கி நடந்து வந்தார்.

அவசரம் யோசிக்கவில்லை. தொப்பென்று தலையணையில் தலையை வைத்துவிட்டாள்.

“அவன் என் தம்பியே இல்லைன்னு சொல்லிடலாம்போல இருக்கு...” என்று தலையணை முதலிலிருந்து தொடங்கியது. காதைப் பொத்திக்கொள்ளவும் வழியில்லை. ஒரு காதால் கேட்டபடி, மறுபக்கம் வந்தவரைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்தாள். அவர் சற்று நேரம் நின்றுவிட்டு, சூப் தலையணைக்குப் போய்விட்டார்.

அந்த அறையின் காவலர் அருகில் வந்தார்.

“பாப்பா, இது தூங்குற இடமில்ல.”

“தூங்கல மாமா. கேட்டுட்டு இருக்கேன்.”

“எவ்வளவு நேரம்?”

“முடியற வரைக்கும்.”

“எப்ப முடியும்?”

“சாயங்காலம்.”

காவலர் கன்னத்தைச் சொறிந்தார். அவருக்குத் தெரிந்த விதிகளில் ‘தலையணையை விட்டு எழுந்திருக்காதவரை என்ன செய்வது’ என்பது இல்லை.

பெரிய கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் வந்து நின்றார். குனிந்து பார்த்தார். “இந்தக் குழந்தையும் கண்காட்சியில ஒரு பகுதியா?” என்று காவலரிடம் கிசுகிசுத்தார்.

“அப்படித்தான் நினைக்கிறேன், மேடம். காலையில லிஸ்ட்ல இல்ல.”

“ஆகா! இந்தக் காலத்துப் பிள்ளைகளோட களைப்பை எவ்வளவு அழகா காட்டுறா பாருங்க. கண்ணுல தண்ணிகூட நிக்குது. நடிப்பு மாதிரியே இல்ல!”

இரண்டு பேர் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார்கள். ஒருவர் “உஷ்!” என்றார்.

அவசரம் கண்களை இறுக மூடிக்கொண்டாள். தலையணைக்குள் அவள் குரல் முடிந்துவிட்டது. இப்போது நிசப்தம். ஒரு பேச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே பெட்டி சிறிது நேரம் சும்மா இருக்கும். சாதாரணமாக யாரும் அதுவரை காத்திருக்க மாட்டார்கள். முடிந்துவிட்டது என்று எழுந்து போய்விடுவார்கள். அவசரம்தான் இன்று எழுந்து போக முடியாமல் கிடந்தாள்.

‘அடுத்தது கணக்கு டீச்சர்’ என்று நினைத்தாள்.

பெட்டி கரகரத்தது.

“அ... அ... அக்கா.”

அவசரம் கண்ணைத் திறந்தாள்.

“இது நட்டு. என் பெ... பெட்டியைக் கழட்டினேன்ல, அது திரும்ப ஓடல. நல்லா இருக்கற பெட்டி எப்படி இருக்கும்னு பா... பார்க்க உன்னோடதை எடுத்தேன். ‘கே... கேள்’ அழுத்திட்டேன். கேட்டுட்டேன்.”

ஒரு பெருமூச்சு.

“அழாதே. இல்ல, நீ அழலன்னா ச... சரி. நான் நாளையிலேர்ந்து பின் கேட் வழியா போறேன். அங்க சை... சைக்கிள் ஸ்டாண்ட் இருக்கு. அதைப் பார்க்கப் போறேன்னு சொன்னா யாரும் ஏன்னு கே... கேட்க மாட்டாங்க. அப்ப உனக்கு வெட்கமா இருக்காது. அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். அப்புறம், அக்கா...”

நீண்ட இடைவெளி. ஏதோ ஒரு சொல் மாட்டிக்கொண்டு தவித்தது. முடித்துவைக்க அவசரம் வாயைத் திறந்தாள். எந்தச் சொல் என்று தெரியவில்லை. முடித்தாலும் அவனுக்குக் கேட்காது. வேறு வழியில்லாமல் காத்திருந்தாள்.

“உன் பெட்டி ரொம்ப ந... நல்லா வேலை செய்யுது.”

அவ்வளவுதான். குரல் நின்றுவிட்டது.



பின் கேட்! ஆமாம், இத்தனை மாதமாக அவன் பின் கேட் வழியாகத்தான் போகிறான். தெருமுனை வந்ததும், “நீ போக்கா, நான் சைக்கிளைப் பா... பார்த்துட்டு வரேன்” என்று கிளம்பிவிடுவான். பள்ளியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மழை பெய்த நாளிலும் அப்படித்தான் போனான். நனைந்த சட்டையோடு வகுப்புக்குப் போனான். ‘பைத்தியம், சைக்கிள்ல அப்படி என்னதான் இருக்கோ’ என்று அவள் நினைத்தாள். உள்ளுக்குள், அப்பாடா என்றுகூட இருந்தது.

அந்த ‘அப்பாடா’வை நினைத்தபோதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அதிர்ச்சியாக இருந்தது.

மூன்றாவதாகக் கணக்கு டீச்சர் ரகசியம் வந்தது. அது அவள் காதில் விழவே இல்லை.

“அக்கா!”

அவசரம் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். எதிரே நட்டு நின்றான். முதுகில் பை, நெற்றியில் வியர்வை.

“எல்லாரும் கீழ பை வைக்கிற வ... வரிசையில நிக்கிறாங்க. சித்தி வீட்டுப் பையன்னு சொல்லி நான் முன்னாடியே வந்துட்டேன்.” அவன் அவளைக் கூர்ந்து பார்த்தான். “ஏன் உன் கன்னத்துல பு... பு...”

‘புண்ணா’ என்ற கேள்வி அவசரத்தின் நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“...புள்ளி அச்சு விழுந்திருக்கு?” என்று முடித்தான் நட்டு. உண்மைதான். நெடுநேரம் படுத்திருந்ததில் தலையணை உறையின் தையல் புள்ளிகள் கன்னத்தில் பதிந்திருந்தன.

“நட்டு, உன்னோடதைக் கேட்டுட்டேன்.”

“எதை?”

“இதுக்குள்ள நீ பேசினதை. இப்பதான் கேட்டேன். இப்பதான்டா!”

நட்டு தலையணையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி தலையணையைப் பார்த்தான். “இப்... இப்பதானா? நீ அப்பவே கேட்டிருப்பேன்னு நினைச்சேன். அதான் பின் கேட்டைப் பத்தி நீ ஒண்ணும் கே... கேட்கலையோன்னு...”

“நான் கேட்கவே இல்லடா. முன்னாடி பேசினதை அழிச்சுட்டேன்னு நினைச்சு வேற ஒண்ணைப் பேசி, அப்படியே தைச்சுட்டேன்.”

“பச்சை விளக்கு அ... அணையற வரைக்கும் அழுத்தினியா?”

“இல்ல.”

“அதான்,” என்றான் நட்டு. எந்தத் திருகு கழன்றிருக்கிறது என்று கண்டுபிடித்த மெக்கானிக் போல இருந்தது அவன் முகம்.

கீழே படிக்கட்டில் சத்தம் கேட்கத் தொடங்கியது. பிள்ளைகளின் சிரிப்பு. நடுவே கணக்கு டீச்சரின் குரல்: “வரிசை! வரிசை கலையக் கூடாது!”

அவசரம் எழுந்து சித்தியிடம் ஓடினாள். “சித்தி, கத்தரிக்கோல். ஊசி நூல். உடனே வேணும்.”

“எதுக்குடி?”

“என் பெட்டியில தப்பான ஒண்ணு இருக்கு. அதை யாரும் கேட்கக் கூடாது. நட்டு மனசு சம்பந்தப்பட்டது.”

சித்தி முகம் வெளிறிவிட்டது. “ஐயோ! கேட்க மாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டு நான்பாட்டுக்கு இருந்துட்டேனே. கடைசியா ஒரு தடவை நீங்களே கேட்டுப் பாருங்கன்னு எல்லாருக்கும் சொல்லியிருக்கணும். அது எனக்குத் தோணவே இல்லையே!” வேறு எதுவும் கேட்காமல் பையிலிருந்து கத்தரிக்கோலையும் ஊசி நூலையும் எடுத்துக் கொடுத்தார். “தைச்சவங்க பிரிக்கலாம். நான் போய் அவங்களைச் செருப்புச் சுவர்கிட்ட நிறுத்தி வைக்கிறேன். சீக்கிரம்!”

அவசரம் தையலைப் பிரித்தாள். நட்டு பஞ்சுக்குள் கையை விட்டுப் பெட்டியை எடுத்தான். பஞ்சு பறந்து இருவர் தலையிலும் ஒட்டிக்கொண்டது.

அவள் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். “நட்டு, அன்னைக்கு நான் நிஜமாவே அப்படித்தான் நினைச்சேன். பொய் சொல்ல மாட்டேன். தண்ணி குடிக்கிற வரைக்கும் நினைச்சேன். அப்புறம் நினைக்கல.”

நட்டு கொஞ்சம் யோசித்தான். “ஒரு ட... டம்ளர் தண்ணியா?”

“அரை டம்ளர்.”

“அப்ப ப... பரவாயில்ல,” என்றான். “அழி.”

அவசரம் பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. செருப்புச் சுவர் அறையிலிருந்து டீச்சரின் குரல் கேட்டது. அவள் விரல் நழுவப் பார்த்தது. “எ... எடுக்காதே,” என்றான் நட்டு. அவள் எடுக்கவில்லை. வாழ்க்கையிலேயே இவ்வளவு நேரம் எதையும் அவள் பிடித்துக்கொண்டு நின்றதில்லை என்று தோன்றியது. விளக்கு மினுக்கியது. இன்னும் மினுக்கியது. அணைந்தது.

“என்னோடதையும் அழி,” என்றான் நட்டு.

“உன்னோடதையுமா?”

“உன்னோடது இல்லாம அது யாருக்கும் பு... புரியாது.”

“சரி, அழிச்சிடலாம். எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு.”

இந்த முறை அவனே அழுத்தினான். இருவரும் தலையோடு தலை முட்ட, விளக்கு அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நாளையிலேர்ந்து முன் கேட். ரெண்டு பேரும்,” என்றாள் அவசரம்.

நட்டு தயங்கினான். “ஆனா சை... சைக்கிள் ஸ்டாண்ட் நிஜமாவே நல்லா இருக்கும் அக்கா. அங்க ஒரு சைக்கிள்ல ஐஞ்சு ப... பல்சக்கரம் இருக்கு.”

“அப்ப பின் கேட். ரெண்டு பேரும்.”

“சுத்திக்கிட்டுப் போகணும். லே... லேட் ஆகும்.”

அவசரம் எச்சிலை விழுங்கினாள். “ஆகட்டும்.”

பெட்டியை உள்ளே வைத்துத் தைத்து முடித்தபோது பிள்ளைகள் அறைக்குள் வந்துவிட்டார்கள். தையல் கோணல்மாணலாக இருந்தது. உறையின்மேல் பஞ்சுத் துகள்கள் ஒட்டியிருந்தன. தட்டிவிட நேரம் இல்லை.

“யார் விளக்கிச் சொல்லப் போறது?” என்று கேட்டார் கணக்கு டீச்சர்.

எல்லோரும் அவசரத்தைப் பார்த்தார்கள். அவள் நட்டுவின் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டாள். “நீ சொல்றியா? என்னைவிட உனக்குத்தான் நல்லா தெரியும். வேண்டாம்னா வேண்டாம்.”

நட்டு கூட்டத்தைப் பார்த்தான். மேடையில் அவன் நின்றபோது சிரித்த முகங்களும் அதில் இருந்தன. “நீ ப... பக்கத்துல நிப்பியா?”

“நிப்பேன்.”

“நடுவுல பே... பேச மாட்டியே?”

இதுதான் கஷ்டமான கேள்வி. “முயற்சி பண்றேன்,” என்றாள்.

நட்டு தொடங்கினான். தகடுகளைப் பற்றிச் சொன்னான். நடுவிலிருக்கும் பஞ்சுத் துண்டைப் பற்றிச் சொன்னான். கைகள் இரண்டையும் தகடுகளாக்கி, பக்கத்திலிருந்த பையனின் குல்லாயைப் பஞ்சாக்கி, எப்படி நசுங்கும் என்று செய்து காட்டினான். பிள்ளைகள் நெருங்கி வந்தார்கள். பெரிய கண்ணாடி அம்மாளும் நெருங்கி வந்தார்.

“சும்மா தொ... தொட்டா பேசாது. மேல பா... பா... பா...”

மாட்டிக்கொண்டது.

“பாட்டு!” என்றான் ஒருவன்.

“பாப்பா!” என்றாள் ஒருத்தி. இரண்டு பேர் சிரிக்கத் தொடங்கினார்கள்.

அவசரத்தின் வாய்க்குள் ஒரு டஜன் சொற்கள் முட்டி மோதின. வாயை இறுக மூடிக்கொண்டாள். பிறகு ஒரு கையை உயர்த்திக் காட்டினாள்.

“இருங்க. பச்சை விளக்கு இன்னும் அணையல.”

எந்த விளக்கு என்று எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். நட்டு மட்டும் பார்க்கவில்லை. அவன் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து சொல்லும் வந்துவிட்டது.

“பாரம். மேல பாரம் விழுந்தாதான் அது பேசும்.”

“ஓ!” என்றார்கள் பிள்ளைகள். ஆளுக்கொரு தலையணைக்கு ஓடினார்கள். சூப் தலையணைக்குப் பெரிய வரிசை நின்றது.

கணக்கு டீச்சர் மெல்ல நடந்து வந்து, மஞ்சள் புள்ளித் தலையணையில் காதை வைத்தார்.

அவசரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அதில் இப்போது மிச்சமிருப்பது ஒரே ஒரு ரகசியம்தான்!

தலையணை டீச்சரின் காதில் சொன்னது: “எங்க கணக்கு டீச்சர் தும்மினா கரும்பலகையே ஆடும். ஒவ்வொரு தடவையும் நான் மேசைக்கு அடியில போய்ச் சிரிச்சுட்டு வருவேன்.”

டீச்சரின் கண்கள் மெதுவாக விரிந்தன. மெதுவாகத் தலையைத் தூக்கினார். மெதுவாகப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் மூக்கின் நுனியில் ஒரு பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது.

“இதுல யாரு...” என்று தொடங்கினார். மூக்கு சுருங்கியது. ஒரு முறை மூச்சை உள்ளே இழுத்தார். இரண்டாம் முறை இழுத்தார்.

கலைக்கூடமே அதிர்ந்தது. காவலரின் தொப்பி கோணிக்கொண்டது. பெரிய கண்ணாடி அம்மாள் இரண்டடி பின்னால் போய், “இதுவும் கண்காட்சியில ஒரு பகுதியா?” என்று கேட்டார்.

முதலில் சிரித்தது நட்டுதான். அவசரம், வாழ்க்கையில் முதல் முறையாக, இரண்டாவதாக வந்தாள்.